மஞ்சள் தையல்

— சேர்ந்த அன்னைக்கு, ‘உனக்கு என்ன நிறம் பிடிக்கும்’னு கேட்டீங்களே முதலாளி, ஞாபகம் இருக்கா?

— சுருக்கமா சொல்றேன், அதிகாரியம்மா. இந்தப் பொண்ணு ஜனவரியோட தானா நின்னுடுச்சு. இப்ப வந்து ஏப்ரல் வரைக்கும் சம்பளம் கேட்குது.

— ஏப்ரல்ல நீங்கதான் நிறுத்தினீங்க. மூணு மாசச் சம்பளம் கொடுக்காம.

— இரும்மா. பதிவேட்டுல ஜனவரிக்கு மேல உன் கையெழுத்தே இல்லையே?

— அதை அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு மேடம். கதவுமேலயா கையெழுத்துப் போடறது?

— வேற ஆதாரம்?

— நான் தைச்சதெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை. பிள்ளைங்க முதுகுல ஓடிக்கிட்டிருக்கு.

— வாய் மட்டும் நீளம். சாட்சிக்கு இதோ பச்சையைக் கூட்டிட்டு வந்திருக்கேன், பக்கத்து மிஷின்காரி. சொல்லு பச்சை. சரி விடுங்கம்மா, இது வருஷத்துக்கு நாலு வார்த்தைதான் பேசும்.

— பச்சைங்கிறது பேரா?

— நூல் நிறம். சுருக்கமா சொல்றேன். என் தையல் கூடத்துல ஆளுக்கு ஒரு நிறம். தைக்கிற ஒவ்வொரு சட்டையிலயும் காலருக்கு உள்ள தன் நிறத்துல ஒரு தையல் போடணும். பழுதுன்னு திரும்பி வந்தா யார் கைவேலைன்னு தெரிஞ்சிடும், கூலியில பிடிச்சுக்குவேன். அடுத்தவ நிறத்தைத் தொட்டா அன்னைக்கே வீட்டுக்கு. எல்லாம் என் மூளை.

— இந்தப் பொண்ணு நிறம்?

— மஞ்சள்.

— நல்ல ஏற்பாடு. நீங்க போட்டிருக்கிறதும் உங்க கூடத்துல தைச்சதா?

— பின்னே? மார்ச்சுல மருமகன் துணி எடுத்துக் கொடுத்தாரு.

— காலரைக் கொஞ்சம் திருப்புங்களேன். அடடே, மஞ்சள்.

— அது வெளிச்சத்துல அப்படித் தெரியுது.

— ஜன்னல்கிட்ட வாங்க. இங்கயும் மஞ்சள்தான்.

— சுருக்கமா...

— சுருக்கமா நான் சொல்றேன். உள்ளறைக்கு வந்து மூணு மாசச் சம்பளமும் தர்றேன்னு கையெழுத்துப் போடுங்க.

— ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க, பச்சையக்கா. சிரிப்பை அடக்கி விலாவே வலிக்குது. ஆனா முதலாளி எனக்குச் சீருடையைத் தவிர வேற துணியே கொடுக்கலையே. அந்தச் சட்டை என் மிஷினுக்கு வரவே இல்ல. என்னக்கா, கிளம்பிட்டீங்க? இந்த வருஷத்து நாலு வார்த்தையில ஒண்ணையாவது சொல்லிட்டுப் போங்களேன். சரி, பேசாமலே போங்க. ஜன்னல்கிட்ட அந்த முடிச்சை நானும் பார்த்தேன். இடது கைக்காரங்க போடற முடிச்சு. நம்ம கூடத்துல இடது கைக்காரங்க நீங்க ஒருத்தர்தான்.