மௌனன் முகம் காட்ட மாட்டான்

ரப்பர் முகமூடியை வெயிலில் காயப்போடக் கூடாது, ஐயா. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்கள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். மதிய வெயில் நேராக அதன்மேல்தான் விழுகிறது. ரப்பர் வெடித்துப்போகும். கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நன்றி. இனி நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஷாப்பிங் மாலின் மேல்மாடியில் குழந்தைகள் விளையாடும் இடம் இருக்கிறதே, அங்கே நான் உடுப்புக்காரன். கரடி, முயல், விண்வெளி வீரன் என்று எல்லா வேஷத்துக்கும் உடுப்பைத் துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, ஆடுகிறவர்களுக்கு மாட்டிவிடுவது, கழற்றிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த உடுப்புகளுக்குள் யாரும் தானாக நுழையவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஜிப் பிடரியில் இருக்கும். தடிமனான கையுறை போட்ட கைக்கு அது எட்டாது, எட்டினாலும் பிடிபடாது. உள்ளே இருப்பவருக்கு நான்தான் கதவு.

மௌனன் உடுப்பும் அங்கே இருந்தது. அதை நான் மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தொங்கவிட்டதில்லை.

மௌனன் சினிமாவின் முதல் பாகத்தை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்க்காவிட்டால் சொல்கிறேன். அதில் மௌனன் ஒரு வார்த்தை பேச மாட்டான். முகத்தைக் காட்ட மாட்டான். வருவான், செய்ய வேண்டியதைச் செய்வான், போய்விடுவான். காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கே ஆள் இருக்காது. சாப்பிட மாட்டான், தும்ம மாட்டான், யாரிடமும் எதற்காகவும் மன்னிப்புக் கேட்க மாட்டான். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. என் தங்கச்சி கிண்டல் செய்வாள். "பார்த்த படத்தையே பார்க்கிறியே அண்ணா, அடுத்த தடவையாச்சும் வாயத் திறந்து பேசிடுவான்னு நினைக்கிறியா?"

என் அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அவருக்கு வாய் மூடவே மூடாது. குடித்துவிட்டுக் கத்துவார், அடிப்பார். விடிந்ததும் எங்கள் முன்னால் முட்டி போட்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுது, "அப்பாவை மன்னிச்சிடுங்கடா" என்பார். அடி வலித்தது எனக்கு இப்போது நினைவில்லை. அந்த மூக்குச்சளி என் தோளில் பட்டுக் காய்ந்து இறுகியது மட்டும் நினைவிருக்கிறது. மௌனனை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது, பேசாமல், அழாமல், சுத்தமாக ஒரு ஆம்பிளை இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கச்சியின் வீட்டுக்காரர், வேலையில்லாமல் இருந்தபோது மேனேஜரிடம் பேசி அவருக்கு மௌனன் வேஷத்தை வாங்கிக் கொடுத்தது நான்தான். உடுப்பு அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. நல்ல உயரம், அகலமான தோள். ஒரே குறை, அவருக்கு இளைப்பு உண்டு. தங்கச்சி முதல் நாளே இன்ஹேலரை என் கையில் திணித்தாள். "உன்னை நம்பித்தான் அனுப்புறேன் அண்ணா. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சா தாங்க மாட்டாரு. அந்த டிரஸ்ல ஏது பாக்கெட்டு? மருந்து உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அது என் சட்டைப்பையில்தான் இருந்தது, சின்னக் கத்தரிக்குப் பக்கத்தில்.

மேடையில், அந்தக் கூட்டச் சத்தத்தில், முகமூடிக்குள் இருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். அவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்தால், உடனே என்னை வெளியே எடு என்று அர்த்தம். அதை யோசித்துச் சொன்னதும் நான்தான். மௌனன் எந்தக் காலத்திலும் தலையில் கைவைக்கிறவன் இல்லை. ஆகவே குழப்பம் வர வழியில்லை என்று நினைத்தேன்.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது.

நான்தான் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போனேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். படம் ஆரம்பித்த சூட்டிலேயே மௌனன் முகமூடியைக் கழற்றிவிட்டான். உள்ளே சாதாரணமான ஒரு மூஞ்சி, கன்னத்தில் பரு. அந்த மூஞ்சி பேசியது. விடாமல் பேசியது, ஜோக் அடித்தது. தெருவோரக் கடையில் நின்று நூடுல்ஸை உறிஞ்சியது. சாறு தாடையில் வழிந்தது, அந்தத் தாடையைத் திரை முழுக்கக் காட்டினார்கள். ஏப்பம் விட்டான். தியேட்டரே சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் ஊர் முழுக்கக் கூடி நிற்க, முட்டி போட்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டே, "என்னை மன்னிச்சிடுங்க" என்றான். நான் கையால் என் தோளைத் துடைத்துக்கொண்டேன். ஏன் துடைத்தேன் என்று அப்போது தெரியவில்லை.

பக்கத்தில் மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்பதான் மச்சான் இவன் நம்மள மாதிரி இருக்கான்" என்றார்.

நம்மள மாதிரி. அந்த வார்த்தை வீடு வரைக்கும் என் வாயில் கசந்தது.

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. விசாரித்துப் பாருங்கள், அங்கே யாரோடும் நான் குரலை உயர்த்தியதில்லை. படம் எடுத்தவர்களைத் திட்டி நான் எங்கேயும் எழுதவில்லை. பிடிக்காத படத்தை மறந்துவிட்டுப் போகிறவர்கள் ஆயிரம் பேர். நானும் மறந்திருப்பேன். ஆனால் மேனேஜர் மறுவாரமே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். "இனிமே ஷோ முடிஞ்சதும் மௌனன் முகமூடியக் கழட்டணும். மூஞ்சியக் காட்டி, ரெண்டு ஜோக் சொல்லி, புள்ளைங்களோட போட்டோ எடுக்கணும். படத்துல வர்ற மாதிரி."

மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அவர் முகம் யாருக்கும் தெரியாதல்லவா. என்னைக் கூப்பிட்டு ஜிப்பை இறக்கச் சொல்வார். முகமூடி கழன்றதும் உள்ளேயிருந்து அந்த முகம் வெளியே வரும். வேகவைத்து எடுத்த மாதிரி சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, மூக்கு நுனியில் சொட்டு நிற்கும். குழந்தைகள் கையிலிருந்து பாப்கார்னை வாங்கித் தின்பார். தின்றுகொண்டே பேசுவார். பிறகு அடுத்த ஷோவுக்கு அதே வாயோடு முகமூடிக்குள் போவார். சாயங்காலம் அதை உள்பக்கம் திருப்பிக் கழுவுகிறவன் நான். பாப்கார்ன் தோல் ஒட்டியிருக்கும், எச்சில் ஒட்டியிருக்கும், வெங்காய வாடை அடிக்கும். கரடியின் தலையிலும் இதெல்லாம் இருக்கும், அதை நான் முகம் சுளிக்காமல் கழுவுவேன். இது கரடி இல்லை.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "மாப்பிள்ளே, கழட்டாதீங்க. நல்லா இல்ல."

"விடுங்க மச்சான். புள்ளைங்க எப்படிச் சிரிக்குதுங்க பாருங்க. நீங்க வேற, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கச்சி வீட்டில் சாப்பாடு. அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி, நிற்கவே சிரமப்படுகிறாள் என்று மாப்பிள்ளைதான் பரிமாறினார். பரிமாறிவிட்டு உட்கார்ந்தவர், வாய் நிறையச் சோற்றோடு அந்தக் கடைசிக் காட்சியை நடித்துக் காட்டினார். மூக்கை உறிஞ்சி, உதட்டைப் பிதுக்கி, "என்னை மன்னிச்சிடுங்க" என்றார். ஒரு சோற்றுப் பருக்கை என் தட்டு விளிம்பில் வந்து விழுந்தது. தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்பா அழுததை அவளும்தான் என்னோடு நின்று பார்த்தாள், அவளால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன். அப்போது நான் எந்த முடிவும் எடுக்கவில்லை, அதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

விடுமுறை நாளில் கூட்டம் நெரியும். அன்றைக்கும் அப்படித்தான். உடுப்பறையில் மாப்பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து முகமூடியை மாட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜிப் பழுதாகிவிட்டால் ஷோவை நிறுத்த மாட்டோம். ஆளை உள்ளே வைத்து அப்படியே தைத்துவிடுவோம். இழுத்தால் பிரிகிற நூலால் நாலு தையல் ஓட்டுவோம், முடிந்ததும் கத்தரியால் வெட்டி எடுப்போம். அதற்குத்தான் கத்தரி எப்போதும் பையில் இருக்கிறது. அன்றைக்கு ஜிப்பில் ஒரு கோளாறும் இல்லை. நூலுக்குப் பதில் நான் எடுத்தது மீன்பிடிக்கிற தூண்டில் நரம்பு.

"ஜிப் போயிடுச்சா மச்சான்?"

"ஆமா மாப்பிள்ளே. பல்லு விட்டுப்போச்சு."

முடிவெட்டக் கொடுக்கிறவர் மாதிரி கழுத்தைக் குனிந்து காட்டினார். முகமூடிக்குள் இருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "பார்த்து மச்சான், கழுத்தையும் சேர்த்துத் தைச்சிடாதீங்க. உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

நெருக்கமாகத்தான் தைத்தேன். நல்ல தையல், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முகமூடியின் பின்பக்கம் ஒரு சின்ன மின்விசிறி உண்டு. பாட்டரியில் ஓடும், உள்ளே காற்று அனுப்பும். அதன் பாட்டரியையும் கழற்றிவிட்டேன். அது வண்டு மாதிரி கொய்யென்று இரைந்துகொண்டே இருக்கும். மௌனனிடம் சத்தம் வரக் கூடாது. காரணம் இதுதான், வேறு ஒன்றுமில்லை. "ஃபேன் ஓடல போல இருக்கே" என்று உள்ளேயிருந்து கேட்டார். "ஓடுது, கூட்டச் சத்தத்துல கேக்கல" என்று சொல்லி அவரை வெளியே அனுப்பினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ஷோ முடியும், முகமூடியைக் கழற்றச் சொல்லி என் பக்கம் திரும்புவார், நான் வர மாட்டேன். ஒரே ஒரு தடவையாவது மௌனன் பேசாமல், முகம் காட்டாமல் உள்ளே திரும்பி வருவான்.

முதலில் நன்றாகத்தான் ஆடினார். குதித்தார், உருண்டார், பொம்மைக் கட்டடத்தின் மேல் ஏறி நின்றார். பிறகு அசைவு மெதுவாகிவிட்டது. தோள் ஏறி ஏறி இறங்கியது. மேடை நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்தார்.

முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்தன. மௌனன் புதிதாக ஏதோ விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்துவிட்டன. அப்பா அம்மாக்களும் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி அடித்து வைத்தார். அவர்களும் அடித்து வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். முகமூடியில் கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் கண்ணாடிதான், அதனால் பார்த்தார் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாப்கார்ன் விற்கிற அக்கா என் பக்கம் வந்தார். "தம்பி, உன் மாப்பிள்ளைக்கு என்னமோ பண்ணுது பாரு."

"நடிப்புக்கா" என்றேன்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். மேடை எனக்கு எட்டும் தூரம்தான். கத்தரி பையில் இருந்தது, இன்ஹேலர் பையில் இருந்தது, இரண்டும் என் விரலில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த நேரத்தில் அவர் எப்படி இருந்தார் தெரியுமா, ஐயா? ஒரு சத்தம் இல்லை. முகம் இல்லை. முட்டி போட்டார், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. உள்ளே என்ன ஒழுகியதோ, அது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தைகள் கைதட்டின. இரண்டாம் பாகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர் விழுந்த பிறகு அக்காதான் மேடைக்கு ஓடினார். நகத்தால் பிய்த்துப் பார்த்தார், பல்லால் கடித்தார். தூண்டில் நரம்பு அதற்கெல்லாம் அறுமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் வெட்டி எடுத்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை போய்விட்டார்.

தங்கச்சி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். "மருந்து உன்கிட்டதானேண்ணா இருந்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆக, தைத்தது நான். பாட்டரியைக் கழற்றியது நான். மருந்தை வைத்துக்கொண்டு நின்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கொலை என்று நீங்கள் எழுதினால் அதற்கும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என்னைக் கேட்டால், நான் ஒருவரை அசிங்கப்படாமல் காப்பாற்றினேன்.

ஒரே ஒரு வருத்தம்தான். ஆஸ்பத்திரியில் தையலை விட்டுவிட்டு ரப்பரையே வெட்டியிருக்கிறார்கள், பிடரியிலிருந்து உச்சி வரைக்கும். முதல் பாகம் வந்தபோது செய்த முகமூடி, இனி அப்படி ஒன்று கிடைக்காது. ஊசியும் நரம்பும் கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்து வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்துவிடுவேன். உள்பக்கம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கும். அதை வேறு யாராவது துடைத்துத் தரட்டும், ஐயா. என்னால் அதைத் தொட முடியாது.