‘நாங்கள்’ செய்த பாவம்

தலைமை ஏற்றிருக்கும் போதகர் நம்குங் அவர்களே, முன்வரிசை மூப்பர்களே, மிளகாய்ச் சிவப்பு இன்னும் கையைவிட்டுப் போகாத தாய்மார்களே, வர வேண்டியவராயிருந்தும் வராமல் போன மா சுன்னே அக்கா அவர்களே, வணக்கம்.

போன சனிக்கிழமை நம் ஆந்தோங் சபையில் எல்லோரும் கூடி, மிளகாய் அரைத்துப் பூசி, குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். பன்றிக்கறியும் வேகவைக்காத பச்சைச் சிப்பியுமாக விருந்து. ஞாயிறு ஆராதனைக்குள் முப்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில்! பழி யார் மேல் விழுந்தது? பதினாறு வருடமாக நமக்குச் சமைத்துப்போடும் சுன்னே அக்கா மேல்.

“கையைக் கழுவியிருக்க மாட்டா.”

“வயசாச்சுல்ல, மூக்கு செத்துப்போச்சு.”

அக்கா ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனவர்தான். இன்னும் திரும்பவில்லை.

புதன்கிழமை ஜெபத்தில் மூப்பர் பியோ கிச்சோல் கதறினார்: “ஆண்டவரே, நாங்க பாவம் செஞ்சோம்!” சபையே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது.

எந்தப் பாவம்? எவருடைய பாவம்? தின்றவர் பாவமா, வாந்தியெடுத்தவர் பாவமா? சொந்தப் புருஷனைக்கூட ‘எங்கள் புருஷன்’ என்கிற கொரிய ஜனம் நாம். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் பாவத்துக்கும் அதே போர்வையா? ஏதேனில் ஆதாம் மனைவியை மட்டும்தான் கைகாட்டினான். நாம் சபையையே கைகாட்டுகிறோம்! நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் சபை சபையாகவா கூப்பிடுவார்?

யாரோ “உட்காருங்கம்மா” என்கிறீர்கள். சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

தோங்யோங் கடற்கரை வரை போய்ச் சிப்பி வாங்கியவர் மூப்பர் பியோ. அந்த வண்டியில் நானும் இருந்தேன். காலடியில் சிப்பிப் பெட்டி, வழியெல்லாம் ஹீட்டர். நடுவில் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெந்நீர் ஊற்றில் குளியல் வேறு. பெட்டியைத் திறந்ததுமே, “மூப்பரே, வாடை அடிக்குதே” என்றவர் சுன்னே அக்காதான்.

“நான் அவ்வளவு தூரம் போய் வாங்கிட்டு வந்ததுல குறை சொல்றீங்களாக்கும்?” என்றார் மூப்பர்.

கேட்டீர்களா? வாங்கியது ‘நான்’. பாவம் செய்தது மட்டும் ‘நாங்கள்’!

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அக்காவை ஏசியபோதும் திறக்கவில்லை. அது உங்கள் பாவமல்ல, ஆதாமின் பாவமல்ல. என் பாவம். நான் செய்தேன். நான்!

இந்தக் கூட்டம் முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய், இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். என் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, மூப்பர் பியோ அவர்களே. ஹீட்டர் போடமாட்டேன்.

பொறுத்துக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும், தனித்தனியாக, நன்றி. வணக்கம்.