பில் குறைந்ததென்று புகார் கொடுத்தவர்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, வாசலில் நின்றே கேட்கும் வாலிபத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்!

வீட்டை வெளிச்சமாக்கிக்கொண்டே காசை மிச்சம் பிடித்த ஒரு வீராங்கனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் நம் தெருத் தையல்காரம்மா! அவருடைய கணவரை உங்களுக்குத் தெரியும். தெருவே 'சுவிட்ச்' என்று செல்லமாக அழைக்கும் உத்தமர். சிரிக்காதீர்கள், மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்!

ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பவரைப் பாராட்டலாம். ஆள் இருக்கும்போதே அணைப்பவரை என்ன செய்வது? தையல் அறைக்கு அவர் அருளியது ஒற்றைக் குண்டு பல்பு, அதுவும் அழுது வடியும் மஞ்சள் வெளிச்சம். அதில்தான் பள்ளிச் சீருடைகள் தைத்தார் அந்த அம்மா. கருநீலத் துணியில் கறுப்பு நூல் ஓடிவிட்டது! தைத்ததெல்லாம் மூட்டையாகத் திரும்பி வந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்றார் பள்ளி மேலாளர். கண் கலங்கியதா? கலங்கியது. கை ஓய்ந்ததா? ஓயவில்லை!

அத்தனையையும் பிரித்துத் தைத்துக் கொடுத்த கையோடு கடைக்குப் போனார். எல்.இ.டி. பல்புகள் வாங்கினார். நாற்பது வாட் இருந்த இடத்தில் ஒன்பது வாட்! மின்சாரம் கால்வாசிகூட இல்லை. வெளிச்சமோ இரு மடங்கு! வீடு முழுக்க மாற்றினார்.

வாசலில் கால் வைத்த கணவர் அலறினார்: "இது வீடா, கடைத்தெருவா? பில்லு எகிறப் போகுது!"

"வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.

பில் வந்தது. இளைத்து வந்தது! நம்மவர் மகிழ்ந்தாரா? இல்லை ஐயா, இல்லை! மீட்டர் கெட்டுவிட்டது, அபராதம் போடுவார்கள் என்று நடுங்கி மின் அலுவலகத்துக்கு ஓடினார். வந்து சோதித்த ஊழியர் சொன்னார்: "மீட்டர் நல்லாத்தான் இருக்கு சார். பில்லு குறைஞ்சதுக்குப் புகார் குடுத்த முதல் ஆளு நீங்கதான்!"

தட்டுங்கள், தாராளமாகக் கைதட்டுங்கள்! அடுத்த மூட்டையில் ஒரு துணிகூடத் திரும்பவில்லை. இன்று அந்தப் பள்ளி முழுமைக்கும் தைப்பவர் அவர்தான்!

தாய்மார்களே! இருட்டில் உட்கார்வதா சிக்கனம்? கண்ணைக் கெடுத்துக்கொள்வதா சேமிப்பு? பழைய பல்பைக் கழற்றுங்கள், பணத்தைக் காப்பாற்றுங்கள்!

நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாயும் முன்பே நம் சுவிட்ச் ஐயா தையல் அறைக்குள் நுழைந்தார். தன் கையாலேயே விளக்கைப் போட்டார். "கண்ணு வலிக்கும், நல்ல வெளிச்சத்துல தைம்மா" என்றார். வென்றது யார்? நம் தையல்காரம்மா!

முதுகு வலித்தும் எழாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. ஒளி பெருகட்டும் உங்கள் இல்லங்களில்! வணக்கம்!