நினைவுத் தூணில் சிதைக்கப்பட்ட பெயர் குறித்து

சாத்தூர் வட்டம், வேப்பிலூத்து கிராமம், கிழக்குத் தெருவில் வசிக்கும் காலஞ்சென்ற சோலைச்சாமி மனைவி பொன்னுத்தங்கம், வயது 79, 16.08.2003 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகி விசாரணையில் சொன்னது:

நான் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டி வந்தேன். பார்வை மங்கியதால் நான்கு வருடங்களாக வேலைக்குப் போவதில்லை.

1941-ல் எனக்கும் சோலைச்சாமிக்கும் திருமணம் நடந்தது. அதற்கு முன் அவருக்குப் பேசியிருந்தது அவருடைய அத்தை மகள் பாலம்மாளை. இரு வீட்டாருக்கும் சண்டை வந்ததால் என்னைக் கட்டினார்.

மறு வருடம் ஆகஸ்ட் போராட்டத்தில் என் கணவரும் ஊர்க்காரர் ஐந்து பேரும் வெள்ளைக்காரன் தபாலாபீசுக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகு, பன்றி சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் மூன்றோடு ஊருக்கு மேற்கே பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஒளிந்திருந்தார்கள். நானும் பாலம்மாளும் கஞ்சி கொண்டுபோவோம். அவள் கஞ்சியில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே என் கணவர் அதையும் மிச்சமில்லாமல் குடிப்பார்.

மூன்றாம் நாள் மதியம் நாங்கள் இருவரும் உள்ளே இருந்தபோது, போலீசார் லாரியில் வந்து கிட்டங்கியைச் சுற்றி வளைத்தார்கள். என் கணவர்தான் முதலில் சுட்டார். அதன் பிறகு அரை மணி நேரம் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். நான் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து துப்பாக்கிக் குழலில் மருந்து இடித்துக் கொடுத்தேன். பாலம்மாள் எதிர்ச் சன்னலில் நின்று சுட்டாள். அந்தச் சன்னல் சட்டத்தில் குண்டு தெறித்ததும், என் கணவர் "ஏ பாலம்மா, குனி புள்ள!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் அவர் கழுத்தில் குண்டு பட்டது. அதன் பிறகு பேசவில்லை. என் மடியில்தான் உயிர் போனது.

பாலம்மாள் மருந்து தீரும்வரை சுட்டுக்கொண்டிருந்ததால் நானும் மற்ற ஐந்து பேரும் பின்வாசல் வழியாக ஓடையில் இறங்கித் தப்பினோம். அவள் பிடிபட்டு இரண்டு வருடம் சிறையில் இருந்தாள். வந்த பிறகு கல்யாணம் செய்யவில்லை. தலையில் பூ வைக்கவில்லை. தாலி அறுத்தவள் நான். ஊர் அவளைப் பார்த்துத்தான் உச்சுக் கொட்டியது. 1997-ல் இறந்துபோனாள்.

இந்த வருடம் ஊராட்சித் தலைவர் சீனிவாசகம் நினைவுத் தூண் கட்டினார். 14-ந் தேதி சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அங்கே நின்ற டீச்சர் இசைவாணியைப் படிக்கச் சொன்னேன்.

"சோலைச்சாமி, பாலம்மாள்னு ஒரே வரியில வெட்டியிருக்காக, பாட்டி."

"எம் பேரு எங்கன இருக்கு?"

"இல்லையே, பாட்டி."

மறுநாள் விடிந்ததும் அம்மி கொத்தும் உளியோடு போனேன். டீச்சர் காட்டிய வரியை விரலால் தடவிப் பார்த்து, இரண்டாவதாக இருந்த பாலம்மாள் பெயரை மட்டும் கொத்தினேன். கணவர் பெயரில் உளி படவில்லை. கொடியேற்ற வந்த தலைவர் என்னைப் பிடித்தார். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை.

"அந்தம்மா சுட்டதாலதான நீங்க உசிரோட இருக்கீக?" என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பாலம்மாள் பெயரை மறுபடியும் வெட்டுவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயர் வேண்டாம். அவள் பெயரை அடுத்த வரியில் வெட்ட வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது.

பொன்னுத்தங்கம், இடது பெருவிரல் ரேகை.