கறுப்புத் திட்டு

— அசையாதீங்க அண்ணி.

— நான் எங்கடா அசைஞ்சேன்? தலையைக் கூண்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு...

— கால் கட்டைவிரல் ஆடுது. கண்ணாடி வழியா இங்க தெரியுது.

— அது பயத்துல இல்ல, குளிர்ல. ஸ்கேன் ரூமா இது, ஐஸ்பெட்டியா?

— ஊருக்கே நீச்சல் சொல்லித்தர்றவங்க, குளிருதுன்னு மூக்கால அழறீங்களே.

— சொந்தக் கொழுந்தன்கிட்ட ஸ்கேன் எடுக்க வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். சரி... முதல் பாதி முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. அது சாதாரணக் காத்துல எடுத்த படம். இனிமே முகமூடியில சுத்தமான ஆக்சிஜன் வரும். அதுல இன்னொரு படம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஆக்சிஜன் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பளிச்சுனு தெரியும்.

— போன தடவை கட்டிக்குள்ள ஒரு திட்டு மட்டும் கறுப்பாவே இருந்துச்சுன்னியே...

— ஆமா. மூளைக்கட்டியில அந்த இடத்துக்கு ஆக்சிஜனே போகல. ரேடியேஷன் செல்லுக்குள்ள இருக்கிற இழையை அறுக்கும். அறுந்த இடத்துல ஆக்சிஜன் போய் உட்கார்ந்தாத்தான் அது மறுபடி ஒட்டாது. இல்லைன்னா தைச்சுக்கிட்டு எழுந்திரிச்சிரும்.

— அந்தத் திட்டுக்கு ஆக்சிஜன் போகத்தானே இத்தனை நாளா அந்தக் கசப்பு மாத்திரை. இன்னைக்கு வெளிச்சம் வந்தா திங்கள்கிழமை ரேடியேஷன். வரலைன்னா...

— வரும். மூச்சை எப்பவும் போல விடுங்க. ஆரம்பிக்கறேன்.

— ...

— ...முடிஞ்சுது அண்ணி.

— வெளிச்சம் வந்துச்சா? டேய்!

— ஒண்ணு கேக்கறேன். மூச்சை இழுத்து இழுத்து விட்டீங்களா?

— இல்லையே.

— மூச்சை அளக்கற மூக்குக் குழாய்ல அளவு வேற மாதிரி காட்டுதே...

— உன் குழாய் பொய் சொல்லுது. திட்டு என்னாச்சு, அதைச் சொல்லு.

— ஒரு நிமிஷம். டாக்டர் வந்திருக்காங்க.

— ...

— ...ம், சொல்லுங்க அண்ணி.

— நீ சொல்லு. டாக்டர் என்ன சொன்னாங்க?

— ஒண்ணுமில்ல. மதியம் மீட்டிங் எப்பன்னு கேட்டாங்க.

— ஓ... தம்பி, இழுத்து இழுத்துத்தான் விட்டேன். முகமூடி போட்டதுல இருந்து.

— அண்ணி!

— கத்தாதே, காது வலிக்குது. நிறைய இழுத்தா நிறைய உள்ள போகும்னு நினைச்சேன். அந்தத் திட்டுக்கும் ரெண்டு வாய் போய்ச் சேரட்டுமேன்னு...

— ரத்தம் ஏற்கெனவே நிறைஞ்சுதான் இருக்கு, அதுக்கு மேல கொள்ளாது. வேகமா விட்டா கார்பன் டை ஆக்சைடுதான் வெளிய கொட்டும். மூளைக்குப் போற ரத்தக்குழாயெல்லாம் அதை வச்சுத்தான் விரியும், சுருங்கும். அது குறைஞ்சா சுருங்கிடும். அதான் நல்ல பக்கமும் சேர்ந்து மங்கியிருக்கு! நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன்...

— குதிக்கறதுக்கு முன்னாடி அப்படி இழுக்காதே, தலை சுத்தும்னு பிள்ளைகளைத் திட்டறதே நான்தான்.

— தண்ணியில டீச்சர், தரையில மக்கு.

— வெளிய வந்து காதைத் திருகறேன் இரு. இப்ப என்ன பண்ணணும்?

— ஒண்ணுமே பண்ணக்கூடாது. அதுதான் உங்களுக்கு வராது.

— நினைச்சாலே மூச்சு தானா இழுக்குதேடா...

— நினைக்காதீங்க. நான் பேசறேன், கேளுங்க. அண்ணன் உங்ககிட்ட நீச்சல் கத்துக்க வந்தாரே, ஞாபகம் இருக்கா?

— எனக்கே என் கதையா?

— உங்களுக்குத் தெரியாத பாதி. அவருக்கு நீச்சல் நல்லாவே தெரியும். காலேஜ்ல கப் வாங்கினவர்.

— என்னது! நான்தானே குதிச்சுக் காப்பாத்தினேன்...

— சிரிக்காதீங்க, தலை ஆடும். பதிலும் பேசக்கூடாது. மூச்சு இப்பதான் அழகா வருது... ஆக்சிஜன் விட்டாச்சு. தினமும் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு மூழ்கற மாதிரி நடிச்சுப் பார்ப்பார். வெளிய சொல்லாம இருக்க எனக்கு ஐஸ்கிரீம். நீங்க முடியைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்தீங்களே, அன்னைக்கு ரெண்டு...

— ...

— ...

— ஏன்டா நிறுத்திட்ட?

— அண்ணி...

— என்ன?

— வந்துருச்சு.

— சரியாப் பாரு.

— பார்த்துட்டேன். நல்ல பக்கமும் தெளிவா இருக்கு, திட்டும் முழுசா... ஓரத்துல இருந்து நடு வரைக்கும் பளபளன்னு! டாக்டர் மேஜையைத் தட்டறாங்க அண்ணி. திங்கள்கிழமை கண்டிப்பா வரணுமாம்!

— அப்ப என்னைக் கழட்டி விடு. அந்தத் திருட்டு மனுஷனைப் போய்க் கவனிக்கணும்.

— வர்றேன், வர்றேன்... ஆமா, முதல்ல இல்லவே இல்லைன்னு சாதிச்சீங்க. அப்புறம் நான் கேக்காமலே ஏன் ஒத்துக்கிட்டீங்க?

— டாக்டர் நிஜமாவே மீட்டிங்கைத்தான் கேட்டாங்களா?

— ...ஆமா.

— "ரேடியேஷன் இவங்களுக்குப் பிரயோஜனமில்ல, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, நான் பேசணும்"னாங்க. நீ, "இன்னும் ஒரே ஒரு தடவை மேடம், எங்க அண்ணி மேடம்"னு அழுத. மைக்கை நீ அணைக்கவே இல்லடா.