ரிக் பாடத்தில் ஒரு கை

“எங்கூட்டுக்காரரு செத்தும் உங்க பாடத்துல இருக்காருன்னீங்களே சாமி. மொகம் இல்லாட்டிப் போகுது, கையாவது தெரியுமுங்களா?”

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் செல்லும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டார்.

“தெரியுமுங்க்கா. ஆளை அடையாளம் காட்டக் கூடாதுன்னுதான் மொகத்தை எடுத்துட்டோம். அண்ணன்கிட்ட படம் புடிக்கறப்பவே சொல்லியிருந்தமுங்க.”

மாணவி கைப்பேசியை மடியிலிருந்த பைக்கு நேரே பிடித்தார். திரையில், கேமரா காட்டிய பையின் மேல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் ஒன்று சிறிய உருவமாக நிஜம்போல நின்றது. ஒரு கை அதன் லீவரை இழுத்தது.

“பசங்க இதைப் பாத்துத்தான் ரிக் ஓட்டப் பழகறாங்க.”

அந்தப் பெண் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கையே தெரியலீங்களே.”

“கிளவுஸ் போட்டிருந்தாருங்க்கா.”

“ஒருநாளும் போட மாட்டாருங்க. காலேஜுல இருந்து படம் புடிக்க வாராங்கன்னு நாந்தான் புதுசா வாங்கிக் குடுத்து உட்டேன்.”