எஞ்சின் லைட்டுக்கு வைத்த பொட்டு

"என் பொட்ட எடுத்து எஞ்சின் லைட்டு மேல ஒட்டி வெச்சிகீறியே, உனுக்கு அறிவு கீதா?"

திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டிலிருந்த மீன்காரம்மா பக்கத்திலிருந்த கணவரைத்தான் கேட்டார். காரைப் பற்றிய சண்டை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"டேஷ்போர்டுல அந்த மஞ்ச லைட்ட மெக்கானிக்கு மூணு தபா அணைச்சு வுட்டான். நாலே நாள்ல திரும்ப எரியுது. பழைய வண்டி, அப்டித்தான் எரியும்னான். கண்ண உறுத்திச்சு, ஒட்டிட்டேன்."

"ஏன் எரியுதுன்னு கேட்டியா?"

"சென்சாருன்னான்."

"எந்த சென்சாரு?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலைல பின்சீட்ட நான் தூக்கிப் பார்த்தேன். மீன் கூடைலேர்ந்து உப்புத் தண்ணி ஒழுகி, பெட்ரோல் பம்புக்குப் போற வயரு பச்சையா பூத்துக் கெடக்குது. கூடைக்கு அடில தார்ப்பாய் போடுன்னு எத்தினி தபா சொன்னேன்?"

"அதான் ஷெட்ல வுட்டாச்சே. பஸ்ல வெச்சு பேஜாரு பண்ணாத. ஒரு ஒட்டுப் பொட்டு, அதுக்கு இம்மாம் பேச்சா? வேற அட்டை வாங்கித் தரேன்."

லாரிகள் மெல்ல நகர்ந்தன. அந்த அம்மா இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து இதே ரோட்டுல, நட்ட நடுவுல வண்டி நின்னுபோச்சுன்னியே. பின்னால வந்த லாரிக்காரன் பிரேக்கு போடாம வுட்டிருந்தான்னா, எனுக்கு இன்னாத்துக்குய்யா பொட்டு?"